தானாக இறுகிய பெல்ட்

பெல்ட் என்றால் தளரும். மாவு மில் பெல்ட்டாக இருந்தாலும் சரி, தையல் மெஷின் பெல்ட்டாக இருந்தாலும் சரி, ஓட ஓடத் தொங்கிப்போகும். மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். தானாக இறுகுகிற பெல்ட்டை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை. கோட்டைமேட்டுச் சந்தில் கரீம் பார்த்தான். பார்த்த பிறகும், காலையில் எழுந்ததும் பல் துலக்குவதைப் போல அதைத் தளர்த்தி வைப்பதையும் ஒரு வேலையாக்கிக்கொண்டான்.

கரீமுக்கு மரவேலை. வாசக்கதவில் பூ, கொடி, மயில் என்று எது கேட்டாலும் செதுக்கிக் கொடுப்பான். உளி பிடித்துச் செதுக்குவதெல்லாம் போய்விட்டது. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் மெஷின் செதுக்கும். சி.என்.சி. மெஷின். அதைக் கம்பெனியில் வாங்கவில்லை, அவனே செய்தான். அலுமினியச் சட்டம் ஒரு கடை, மோட்டார் ஒரு கடை, வீல் இன்னொரு கடை என்று அலைந்து, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கழற்றி மாட்டி, மாட்டிக் கழற்றி ஓட வைத்தான். அந்தப் பெருமை அவன் நடையிலேயே தெரியும். தெரியட்டுமே, செய்தவன் அவன்தானே.

வீட்டுப் பின்னறைதான் பட்டறை. அறை சின்னது, மெஷின் பெரிது. நாலு பக்கமும் கால் வைத்தால் மனிதர் நிற்க இடமிருக்காது. அதனால் முன்பக்கத்துக்கு மட்டும் இரும்புக் கால் கொடுத்து, பின்பக்கத்தைச் சுவரிலேயே போல்ட் போட்டு முடுக்கிவிட்டான். சுவரிலிருந்து இரண்டு சட்டங்கள் தண்டவாளம் போல முன்னால் நீண்டு, தரையில் பதித்த முன்காலின் மேல் முடுக்காமல் அமர்ந்திருக்கும். செதுக்கும் தலை அவற்றின் மேல் வீல்களில் ஓடும். அதை இழுக்கிற பல் பெல்ட்டின் ஒரு முனை சுவரில் இருந்தது, மறுமுனை முன்காலில் ஒரு திருகில் இருந்தது. திருகை ஒரு பக்கம் சுற்றினால் பெல்ட் இறுகும், மறுபக்கம் சுற்றினால் தளரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

சுவரை அவன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான்? சுண்ணாம்புக் காரை போட்டுக் கட்டிய பழைய சுவர், கட்டில் போட்டுப் படுக்கலாம் போல அத்தனை கனம். பக்கத்து வீட்டுக்கும் அதுதான் சுவர். அந்தப் பக்கத்து வீட்டைத்தான் திருமூர்த்தி என்பவர் வாங்கினார். வாங்கி, இடித்தார். பொதுச்சுவரை மட்டும் நிற்கவிட்டு, அதை ஒட்டித் தரைக்கு அடியில் குடோன் கட்டுவதற்குக் குழி தோண்ட ஆரம்பித்தார்.

ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை. சுவர் குழிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மயிரிழை மயிரிழையாகத்தான். சுவரில் விரிசல் இல்லை, சுண்ணாம்புகூட உதிரவில்லை. பார்க்கிறவர்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெல்ட்டுக்கு மட்டும் தெரிந்தது.

முதல்முறை அது இறுகியிருந்த காலையில் கரீம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டுவான். எழும் சத்தத்தைக் கேட்டே இறுக்கம் சரியா இல்லையா என்று சொல்லிவிடுவான். அதற்கென்று மீட்டர் எல்லாம் அவன் வைத்துக்கொள்ளவில்லை. அன்று தட்டினான். வழக்கமாக ‘தும்’ என்று வரும் சத்தம் ‘திங்’ என்று வந்தது.

“ரிஃபானா! திருகைத் தொட்டியா நீ?”

மனைவி ரிஃபானா அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். மெஷினில் பாதி வேலை அவளுடையது. படம் போடுவது, மரம் ஏற்றுவது, தூசி உறிஞ்சுவது எல்லாம் அவள்தான். திருகும் ஸ்பேனரும் மட்டும் கரீமின் ஆட்சி.

“நா எதுக்குங்க தொடறேன்? தொட்டா நீங்க சும்மா உடுவீங்களா?”

“பின்ன எப்படி இறுகுச்சு?”

“வெயிலா இருக்குமுங்க.”

வெயில்தான் என்று முடிவு செய்தான் கரீம். கோயமுத்தூரில் அந்த வருஷம் வெயில் யாரையும் விடவில்லை, பெல்ட்டை மட்டும் விடுமா? திருகைக் கொஞ்சம் பின்னால் சுற்றினான். ‘தும்’ வந்தது. வேலை ஓடியது.

அடுத்து வீல்கள் தகராறு செய்தன. சட்டத்தை மேலும் கீழும் கவ்விப் பிடிக்கிற வீல்கள் அவை. கீழ்வீலின் நட்டில் துளை நடுவில் இருக்காது, ஓரம் தள்ளியிருக்கும். ஸ்பேனரால் அதை ஒரு பக்கம் சுற்றினால் வீல் சட்டத்தோடு நெருங்கும், மறுபக்கம் சுற்றினால் விலகும். வீலை விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு சுற்றினால் தளர்வு. தலையே நகராமல் முரண்டு பிடித்தால் இறுக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது, சப்பாத்தி மாவுக்கு இருப்பது போல. கரீமின் விரலுக்கு அந்தப் பதம் அத்துப்படி. ஆனால் இப்போது செதுக்கும் தலை முன்னால் வரும்போது பதமாக ஓடிற்று. சுவர்ப்பக்கம் போகப் போக முனகியது. முன்பக்கத்துக்குச் சரி செய்தால் பின்பக்கம் கடித்தது. பின்பக்கத்துக்குச் சரி செய்தால் முன்பக்கம் ஆடியது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எது கெட்டாலும் ஏன் கெட்டது என்று கேட்க மாட்டார்கள். ‘ரெடி பண்ணிப்போடலாம்’ என்பார்கள். ரெடியும் பண்ணிவிடுவார்கள், அதுதான் வம்பு. வேறு ஊராக இருந்தால் மெஷின் என்றைக்கோ நின்றுபோயிருக்கும், நின்ற மெஷினைப் பார்க்க நாலு பேர் வந்திருப்பார்கள், நாலு பேரில் ஒருவன் சுவரைப் பார்த்திருப்பான். கரீம் அதை நிற்கவே விடவில்லை. இங்கே கால் சுற்று, அங்கே அரைச் சுற்று என்று சுவர் போகிற போக்குக்கெல்லாம் மெஷினை இசைய வைத்தான். செதுக்கிய பூவில் ஒரு இதழ்கூடக் கோணவில்லை.

ஆனாலும் மனசுக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ரிஃபானாதான் தொடுகிறாள் என்று அவனுக்கு ஒரு எண்ணம். வீம்புக்காகத் தொட்டுவிட்டு இல்லை என்கிறாளோ? ஒரு நாள் வேலை முடிந்ததும் திருகையும் அது நுழைகிற இரும்பையும் சேர்த்து ஒயிட்னரால் ஒரு கோடு இழுத்தான். யாராவது திருகினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தான். கோடு இழுத்தது இழுத்தபடி இருந்தது. பெல்ட்டைத் தட்டினான். ‘திங்.’

திருகு அசையவில்லை, பெல்ட் இறுகியிருக்கிறது. அப்படியென்றால் அசைந்தது எது? பெல்ட்டுக்கு இரண்டு முனைதானே உண்டு. ஒரு முனை திருகில், இன்னொன்று...

இந்த இடத்தில் அவன் நிமிர்ந்து சுவரைப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பெண்டாட்டியை வீணாகச் சந்தேகப்பட்ட வெட்கம் ஒரு பக்கம். அவள் வந்து கோட்டைப் பார்த்து ‘இது என்னங்க?’ என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்ற பயம் ஒரு பக்கம். நகத்தால் ஒயிட்னரைச் சுரண்டி எறிந்தான். திருகைத் தளர்த்தினான். “பெல்ட்டு சரியில்ல. மட்டமான சரக்கைத் தலையில கட்டிப்போட்டான்” என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே டீ குடிக்கப் போனான். ஊசி போகிற இடத்தைப் பார்க்கிறவன் உலக்கை போகிற இடத்தைப் பார்க்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்தச் சுவரில் மார்பு உயரத்தில் காற்றுக்காக ஒரு துளை இருந்தது, ஒரு குடம் நுழையலாம். குழி தோண்டுகிறவர்களில் மோகனப்பிரியா என்று ஒருத்தி, பவானிப் பக்கத்துக்காரி. புருஷன் மயில்சாமி கடப்பாரை போடுவான், இவள் மண் சுமப்பாள். வேலை ஆரம்பித்த புதிதில் அந்தத் துளை வழியாகத் தலையைக் காட்டி, “அக்கா, குடிக்கத் தண்ணி கொஞ்சம் குடுங்க” என்பாள். ரிஃபானா பாட்டிலைக் கையில் கொடுப்பாள். இரண்டு பேரும் ஊர்க்கதை பேசுவார்கள்.

“இது தானா செதுக்குதுங்களாக்கா? நெசமாவா?”

“நாம படத்தைக் குடுத்தாப் போதும் கண்ணு. அது பாட்டுக்குச் செதுக்கும்.”

“நம்ம வேலைக்கும் இப்படி ஒண்ணு வந்தாத் தேவலைங்க.”

குழி ஆழமாகியது. மோகனப்பிரியாவின் தலை துளைக்குத் தெரியாமல் போயிற்று. அவள் கையை மட்டும் தூக்கி நீட்டினாள். பிறகு கையும் எட்டவில்லை. ரிஃபானா பாட்டில் கழுத்தில் கயிறு கட்டி இறக்கினாள். கயிறு போதாமல் போனபோது இன்னொரு கயிற்றை அதோடு முடிந்தாள். இரண்டாவது கயிற்றைக் கரீம்தான் எடுத்துக் கொடுத்தான்.

“ரொம்ப ஆழமாப் போறாங்களேங்க, செவுத்துக்கு ஒண்ணும் ஆயிராதுங்களா?” என்று ரிஃபானா அன்றைக்குக் கேட்டாள்.

“கேக்கறேன்” என்றான் கரீம்.

கேட்கவும் செய்தான். அதைக் கேட்டது என்று சொன்னால்தான் உண்டு. திருமூர்த்தி சாயங்காலம் வேலையைப் பார்க்க வந்திருந்தார். வெள்ளை வேட்டி, மரியாதையான மனுஷன். இவனைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

“ஏனுங்க பாய், நல்லா இருக்கறீங்களா? சத்தம், தூசின்னு உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துப்போட்டேனுங்க.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வேலைன்னா தூசி வரத்தானுங்க செய்யும்.” கரீம் தொண்டையைச் செருமிக்கொண்டான். “செவுத்தை ஒட்டித் தோண்டறாங்களாட்ட இருக்குதுங்களே...”

“இன்ஜினியரு பாத்துப்போட்டாருங்க. ஒண்ணும் ஆகாதுங்க. அப்படியே ஆனாலும் நான் இருக்கறனுங்க.”

“செரீங்க.”

“அப்பறம் பாய், ஒண்ணு சொல்லோணும்னு இருந்தனுங்க. இந்தக் கட்டடத்து வாசக்கதவு உங்க கையாலதானுங்க. தேக்குல. நீங்க வெக்கற பூவைத்தான் நான் பாக்கோணும்.”

அதற்கு மேல் எவன் வாயைத் திறப்பான்? ‘ங்க’ போட்டுப் பேசுகிறவரிடம் ‘ங்க’ போட்டுத்தான் பேச வேண்டும். ‘ங்க’ போட்டுச் சண்டை பிடிக்க இந்த ஊரில் யாருக்கும் வராது. நான் இருக்கிறேன் என்றார் அவர். அவர் இருந்தார், சரி. சுவர் இருக்குமா என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. கரீம் சந்தோஷமாக வீட்டுக்குள் வந்து ரிஃபானாவிடம் கதவு ஆர்டரைச் சொன்னான். அவள் சுவரைப் பற்றிக் கேட்டதற்கு, “இன்ஜினியர் பாத்தாச்சாம்” என்றான்.

அன்றிலிருந்து திருமூர்த்தியின் கதவுக்கான மாதிரிப் பலகைதான் மெஷினில் ஓடியது. சுவரை எந்தக் கட்டடம் இழுத்துக்கொண்டிருந்ததோ, அந்தக் கட்டடத்துக்கே மெஷின் சுவரில் தொங்கிக்கொண்டு பூ செதுக்கிற்று.

தேக்குப் பலகை பார்க்க கரீம் மேட்டுப்பாளையம் போனது ஒரு வியாழக்கிழமை. முந்தின ராத்திரி மழை. பருவம் தப்பிய மழை, நன்றாக ஊற்றிவிட்டுப் போயிருந்தது. கிளம்பும்போது பட்டறையை எட்டிப் பார்க்க நேரமில்லை. “மாதிரிப் பலகையை ஓட்டிரு, நான் மத்தியானம் வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான்.

மரக்கடையில் பலகைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“ஏனுங்க, மெஷினு ஓடவே மாட்டேங்குது. தலை பின்னாடி போயி நின்னுக்கிட்டு உறுமுது. நிறுத்திப்போட்டேன்.”

“பெல்ட்டைப் பாத்தியா?”

“கம்பியாட்டம் நிக்குதுங்க.”

கரீமுக்கு எரிச்சல். இத்தனைக்கும் நேற்றுச் சாயங்காலம்தான் தளர்த்தியிருந்தான். “சரி, போனைப் பெல்ட்டுக்குப் பக்கத்துல புடி. நான் சொல்றப்பத் தட்டு. எத்தனை சுத்தணும்னு சத்தத்தை வெச்சே சொல்லிப்போடறேன்.”

போனில் அறையின் சத்தம் கேட்டது. மின்விசிறி சுற்றியது. எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்: “அக்கா... தண்ணிக்கா...”

“இருங்க, மோகனா தண்ணி கேக்கறா. குடுத்துட்டு வந்தர்றேன்” என்றாள் ரிஃபானா.

“அது அப்பறம். மொதல்ல பெல்ட்டைத் தட்டு.”

தட்டினாள். ‘டிங்’ என்றது. அவன் கேட்டதிலேயே உச்சமான சத்தம். அரைச் சுற்று போதாது, முழுச் சுற்று சொல்லலாமா என்று யோசித்தான். மரக்கடைக்காரர் ஏதோ கேட்டார், கையைக் காட்டி இருக்கச் சொன்னான்.

“இன்னொரு தடவை தட்டு.”

தட்டினாள். சத்தம் இன்னும் மேலே போயிருந்தது.

“திருகைத் தொட்டியா?”

“இல்லீங்க. நீங்க சொல்லட்டும்னு நிக்கறேன்.”

“தட்டு.”

இந்த முறை சத்தம் கீச்சென்று வந்தது. யாரும் தொடாத பெல்ட், இவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் ஏறிக்கொண்டிருந்தது. கரீமின் கையிலிருந்த அளவுகோல் நழுவியது. ஒயிட்னர் கோடும், சுவர்ப்பக்கம் கடித்த வீலும், இரண்டாவது கயிறும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவன் தலையில் விழுந்தன.

“ரிஃபானா! வெளிய ஓடு! செவுரு போகுது!”

“என்னங்க?”

“செவுரு போகுதுடி! எதையும் எடுக்காதே, திரும்பிப் பாக்காதே, நேராத் தெருவுக்கு ஓடு! ஓடு! ஓடு!”

மரக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போனில் ரிஃபானாவின் மூச்சு இரைத்தது, பாத்திரம் ஒன்று உருண்டது, கதவு படாரென்று அடித்தது. பிறகு தெருச் சத்தம் கேட்டது, ஒரு பைக் ஹாரன் அடித்தது.

“வந்துட்டேங்க. வெளிய வந்துட்டேன். தெருவுல நிக்கறேன்.”

கரீம் பலகை அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். “அல்ஹம்துலில்லாஹ்” என்றான். ஒரு தடவை சொல்லிப் போதாமல் திரும்பத் திரும்பச் சொன்னான். பெண்டாட்டி பிழைத்தாள். வேறு எதையும் நினைக்க அவன் மனசில் இடமே இல்லை.

அப்புறம்தான் போனில் அந்தச் சத்தம் வந்தது. அது இடி போலவும் இல்லை, வெடி போலவும் இல்லை. லாரியிலிருந்து ஜல்லியைக் கொட்டுவது போல நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. பிறகு ரிஃபானா வீறிட்டாள். அவள் கத்தியது அவன் பெயர் இல்லை.

“மோகனா! ஐயோ, மோகனா!”

சுவர் குழிப் பக்கம்தான் சாய்ந்துகொண்டிருந்தது. குழிப் பக்கம்தான் விழும். இதைச் சொல்ல இன்ஜினியர் வேண்டாம். பெல்ட் இறுகுகிறது என்றால் சுவர் இந்தப் பக்கம் வரவில்லை, அந்தப் பக்கம் போகிறது என்று மெஷின் கட்டியவனுக்குத் தெரியாதா? தெரியும். ஓடு என்று கத்திய அந்த நொடியிலும் தெரியும். துளை வழியாக ஒரு குரல் கொடு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் ரிஃபானா கொடுத்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

கரீம் வந்து சேர்ந்தபோது சந்து நிறைய ஜனம். தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய முடியாமல் முக்கில் நின்றது. மயில்சாமியை எடுத்துவிட்டார்கள், அவளுக்குப் பதிலாக மண் கொட்ட மேலே ஏறிப் பாதியில் இருந்ததால் கால் மட்டும் போயிற்று. ஸ்டிரெச்சரில் படுத்துக்கொண்டு “அவளைப் பாருங்க, அவளைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மோகனப்பிரியா சுவரின் அடியிலேயே நின்றிருந்தாள். தண்ணீர் பாட்டில் இறங்கும் என்று அங்கே வந்து நின்றவள். அவளை எடுக்க சாயங்காலம் ஆயிற்று. எடுத்தபோது உயிரில்லை.

திருமூர்த்தி வியர்த்து வழிந்தபடி வந்து கரீமின் கையைப் பிடித்தார். “உங்க ஊட்ல யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே பாய்? ஆண்டவன் காப்பாத்துனானுங்க.” கரீம் கையை உதறினான். அவரிடம் மரியாதையில்லாமல் நடந்துகொண்டது அன்றைக்குத்தான் முதல்முறை. ஒரு பிரயோஜனமும் இல்லாத நாளில் வந்து சேர்ந்த தைரியம் அது.

அக்கம்பக்கத்தார் அவனைத் தேற்றினார்கள். அங்கேயிருந்து போன்லயே பொண்டாட்டியைக் காப்பாத்திப்போட்டியே, உன்னோட காதுக்குத் தங்கத்துல கடுக்கன் போடோணும் என்று ஒருவர் முதுகில் தட்டினார். கரீம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரிஃபானாவைத் தேடிப் போனான். எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். துப்பட்டாவெல்லாம் சுண்ணாம்புத் தூசி. பக்கத்தில் போய் நின்றான். அவள் நிமிர்ந்தாள், அழுது முடித்த முகம்.

“திரும்பிப் பாக்காதேன்னீங்க. நானும் பாக்கல.”

“ரிஃபானா...”

“எனக்குப் பயத்துல புத்தி ஓடலீங்க. நீங்க சொன்னபடியே ஓடினேன். இன்னொண்ணு சொல்லியிருந்தா அதையும் செஞ்சிருப்பேன்.” அவன் முகத்தைப் பார்த்தாள். “அவ தண்ணி கேட்டாளே, அது உங்களுக்குக் கேட்டுச்சுதானுங்களே?”

பொய் சொல்ல வழி இருந்தது. போனில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் மறுத்துப் பேச முடியாது.

“கேட்டுச்சு” என்றான் கரீம்.

ரிஃபானா தலையை ஆட்டினாள். எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மயில்சாமியை ஏற்றிய வண்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு நடந்தாள். கரீம் பின்னாலேயே இரண்டடி வைத்தான். “நீங்க வர வேண்டாமுங்க” என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் போனாள்.